கஞ்சிக்குக் கேட்டுப் போன நாட்கள்

12-1-53, திங்கள்

பதிவேட்டில் அறுபத்தெட்டுப் பெயர். வந்தவர்கள் நாற்பத்தொன்று. பொங்கலுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. ஊரில் ஒரு வீட்டிலும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ராகி கதிர் பிடிக்காமலே காய்ந்து நின்றுவிட்டது. மூன்றாவது வருடம் இப்படி.

நாலாம் வகுப்பில் செல்லியை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். சேரிப் பெண். இந்தப் பள்ளியிலேயே தடங்கலில்லாமல் வாசிக்கிறவள் அவள்தான். இரண்டு வரி வாசித்தாள். மூன்றாவதில் குரல் நின்றது. விழவில்லை, புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன்.

"புளியங்கொட்டை டீச்சர். வறுத்தது."

"நேற்று?"

"நேத்தும் அதான்."

தலைமையாசிரியர் நாராயணப்பனிடம் சொன்னேன். "ஊரு முச்சூடும் அப்படித்தாம்மா கெடக்குது. நாம பாடத்தப் பாக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது, அதைச் சத்தமில்லாமல் கழித்துவிட நினைக்கிறார்.

14-1-53

பொங்கல். என் அறையில் ஓர் ஆழாக்கு அரிசி பொங்கினேன். சாப்பிடவும் முடிந்தது. அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

17-1-53, சனி

சர்க்கார் கஞ்சித் தொட்டி பெரிய ஊர்களில் முதலில் திறப்பார்களாம். நம் சிக்ககானப்பள்ளிக்கு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருந்த அரை மூட்டை ராகியைக் கொண்டு நாமே தொடங்கலாம் என்றேன். நாராயணப்பன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அரை மூட்டை எத்தனை நாளைக்கிம்மா? அப்பறம்?"

அப்புறம் ஓசூர்க் கடைவீதியில் போய்க் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நானா கேட்பேன்? சேலத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, பக்கத்து வீட்டார் பலகாரம் நீட்டினால்கூட இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேனாம். என் வீட்டுக்காரர் இறந்தபோது உறவுக்காரர்கள் பணம் கொண்டுவந்தார்கள். அதையும் வாங்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேர்வெழுதி, வேலை வாங்கிக்கொண்டு இந்த மூலைக்கு வந்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் முப்பத்தாறு வயதுவரை ஓட்டியாயிற்று.

24-1-53, சனி

மதியம் பள்ளி விட்டதும் ஐந்து மைல் நடந்து ஓசூர்.

முதல் கடை மளிகை. வாசலில் நின்றேன். கடைக்காரர் சாமான் வாங்க வந்தேன் என்று நினைத்து, "என்னா வேணுங்கம்மா?" என்றார். "கால் படி துவரம் பருப்பு" என்றேன். வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். காசு கொடுத்து! தெரு முனையில் பொட்டலத்தோடு நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பத்துக் கடை ஏறினேன். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டல்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, "முதலாளி இல்ல அம்மா, நாளெ பன்னி" என்றார், நாளைக்கு வாங்க என்று கன்னடத்தில். அவர்தான் முதலாளி. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜவுளிக் கடையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். கடைக்காரர் தன் கஷ்டத்தை அரை மணி நேரம் சொன்னார். கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். தையல்காரர், "எனக்கே யாராச்சும் கஞ்சி ஊத்துனா தேவலைங்கம்மா" என்றார், மெஷினை நிறுத்தாமல். அவர் பொய் சொல்லவில்லை. காஜா எடுக்கிற பையனைக்கூட அனுப்பிவிட்டாராம்.

கடைசியாகத் தெரு முனையில் ஈயம் பூசுகிற குலாம் ரசூல் பாய். துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கஞ்சி எதுல காய்ச்சுவீங்க?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை.

உள்ளே போய் ஒரு பெரிய பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். அடியில் ஓட்டை. "இத அடைச்சு ஈயம் பூசி வெக்கிறேன். எங்கிட்ட ராகி இல்ல டீச்சரம்மா. இதுதான் இருக்குது." பிறகு, "வெறுங்கையோட போனா யாரு நம்புவாங்க? அடுத்த சனிக்கெழமை வாங்க. இத தள்ளுவண்டியில வெச்சு நடுவீதியில இழுத்துக்கிட்டுப் போலாம். நானும் வர்றேன்."

திரும்பும்போது கால் வலித்தது தெரியவில்லை.

31-1-53, சனி

பாய் சொன்னது சரி. தள்ளுவண்டியில் அண்டா பளபளவென்று மின்னிக்கொண்டு போனபோது கடைக்காரர்கள் தாமாகவே எட்டிப் பார்த்தார்கள். முதல் கடையில் இரண்டு படி ராகி விழுந்தது. அண்டாவின் அடியில் அது விழுந்த சத்தம்! பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவரால் சும்மா இருக்க முடியவில்லை. உப்பு, மிளகாய், வெல்லத்தில் அரை அச்சு. விறகுக் கடையில் ஒரு கட்டு. "நாளெ பன்னி" ஓட்டல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மூன்று படி அளந்து போட்டார். தையல்காரர் கடையிலிருந்து இறங்கி வந்து, மூட்டைக்கு ஆகும் என்று இரண்டு பழைய சாக்கைத் தைத்துக் கொடுத்தார்.

என் அரை மூட்டையோடு சேர்த்து மூன்று மூட்டைக்குக் குறையாது.

2-2-53, திங்கள்

இன்று முதல் கஞ்சி. கூடத்தில் ஒரே வரிசையாக உட்கார வைத்தேன். ஊர்ப் பிள்ளைகள், சேரிப் பிள்ளைகள் ஒன்பது பேர், எல்லாரும் கலந்து. சில அப்பாக்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். கடைசிப் பிள்ளை குடித்து முடிக்கும்வரை நின்றார்கள்.

செல்லி வரிசையில் தலைகளை எண்ணிவிட்டு வந்து, "அம்பத்தேழு டீச்சர், நம்ம ரெண்டு பேரு சேராம" என்றாள். நம்ம ரெண்டு பேர்! எண்ணிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

9-2-53

அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். வகுப்பில் சண்டை, கூச்சல். நாராயணப்பன் காதைப் பொத்திக்கொண்டார். எவ்வளவு நல்ல சத்தம்.

14-2-53, சனி

இரண்டாவது சுற்று. போன தடவையில் பாதிதான். "போன வாட்டிதானே குடுத்தோம்" என்றார் மிளகாய்க் கடைக்காரர். உண்மைதானே? பிள்ளைகளுக்குத் தினமும் பசிக்கிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

21-2-53, சனி

தள்ளுவண்டி தெருவில் திரும்பியதும் இரண்டு கடைக்காரர்கள் உள்ளே போனார்கள். ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே பலகை போட்டுக் கடையை அடைத்தார். பாய், "சாப்பாட்டு நேரம் போல" என்றார். மணி நாலு.

28-2-53, சனி

தேர்த் திருவிழா வசூல் நடக்கிறது. மேளத்தோடு வருகிறார்கள். அதே கடைகளில் அதே மனிதர்கள் கொடுக்கிறார்கள். இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள். எனக்குச் சாமிமேல் கோபம் இல்லை. மேளக்காரர்கள் போகட்டும் என்று கடை ஓரமாக நின்றிருந்தேன். ஓர் அம்மாள் என் கையில் அரையணாவை வைத்துவிட்டுப் போனாள். பிச்சைக்காரி என்று நினைத்திருக்கிறாள்.

திருப்பிக் கொடுக்கலாமா? ஓடிப் போய்ச் சொல்லலாமா? சொல்லி என்ன? உப்பு வாங்கினேன்.

7-3-53, சனி

நாராயணப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்த சாயபுகூட நீங்க வண்டி இழுத்துக்கிட்டுச் சுத்தறது… ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க. ராகியில பாதி வூட்டுக்குப் போவுதுன்னும் பேச்சு."

என் வீடா? இந்த எட்டடி அறையா? வந்து பார்க்கட்டுமே! எல்லாரும் வந்து பானையைக் கவிழ்த்துப் பார்க்கட்டும்! நான் வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்கு ஊற்றியது போக அண்டாவில் ஒட்டினதைத்தான் வழித்துத் தின்கிறேன். அதுகூடத் தப்பா?

பாயின் காதுக்கும் போயிருக்கிறது. இனி நான் வரவில்லை டீச்சரம்மா, உங்க பேரு கெடவேணாம் என்று சொல்லிவிட்டார். தனியாக வண்டியை இழுத்தேன். ஒன்பது படி.

14-3-53, சனி

நான்கு படி. பாதிக்குமேல் பதர்.

16-3-53, திங்கள்

யுகாதி, பள்ளி விடுமுறை. இருக்கிற ராகி இரண்டு நாளைக்கு வரும். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மூன்று நாள்.

ராகி மண்டி கங்கப்பனிடம் இதுவரை போகவில்லை. ஓசூரில் பாதிக் கடைக்காரர்களுக்குச் சரக்கு கடனாகப் போடுகிறவர் அவர்தான். கடைசியாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். பயமும்தான்.

17-3-53, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். கங்கப்பன் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் வந்தது. இத்தனை நாளில் எழுந்து நின்ற ஒரே கடைக்காரர்.

"டீச்சரம்மா, நீங்க பண்றது பெரிய தர்மம். இத்தன நாளா எங்கிட்ட ஏன் வரல? மழ பேஞ்சு, வெதச்சு, அறுக்கற வரிக்கும் உங்க பள்ளிக்கூடத்துக்கு ராகி என் பொறுப்பு. வாரா வாரம் வண்டியில வந்து எறங்கும். நீங்க இனிமே தெருத் தெருவா அலைய வேணாம்."

அழுதுவிடுவேன் போல இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒரே ஒரு காரியம்" என்றார், அதே இதமான குரலில். "உங்க ஊர்லேருந்து நாலு பேரு வந்து சொல்லிட்டுப் போனாங்க. எல்லாப் பசங்களையும் ஒண்ணா ஒக்கார வெச்சு ஊத்தறீங்களாமே. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க என் கிராக்கிங்க. நான் அவங்களுக்கும் பதில் சொல்லணுமில்ல? அந்தப் புள்ளைங்களுக்கு ஊத்த வேணாம்னு நான் சொல்லல. நல்லா வயிறு நெறைய ஊத்துங்க. எடம் மட்டும் வேற. அவ்ளோதான்."

பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றேன்.

"சட்டம் ராகி குடுத்தா அங்கயே வாங்கிக்கலாம்மா" என்றார். கோபமே இல்லாமல்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

18-3-53

நாராயணப்பன்: "ஒத்துக்கோங்கம்மா. எடத்துல என்னா இருக்குது? வவுத்துல வுழுந்தா சரி."

எடத்தில் என்ன இருக்கிறது. நாள் முழுவதும் இதையே சொல்லிப் பார்க்கிறேன். அறுபத்திரண்டு வயிறு. நாளை மறுநாள் அண்டா காலி. மாட்டேன் என்றால் ஒன்பது பேரோடு சேர்த்து எல்லாரும் பட்டினி. சரி என்றால் எல்லாருக்கும் கஞ்சி. கணக்கு இவ்வளவு சுலபமாக இருக்கும்போது ஏன் இன்னும் சொல்லி அனுப்பவில்லை?

20-3-53, வெள்ளி

சரி என்று சொல்லி அனுப்பினேன்.

23-3-53, திங்கள்

வண்டியில் இரண்டு மூட்டை வந்து இறங்கியது. நல்ல ராகி.

மணி அடித்ததும் செல்லி எப்போதும்போல வரிசையில் நடுவில் உட்காரப் போனாள். நான் அவள் தோளைத் தொட்டு, "நீங்கள் ஒன்பது பேரும் பின்னால் போய்ச் சுவரோரம் உட்காருங்கள். நான் கொண்டு வந்து ஊற்றுகிறேன்" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"இங்கே இடம் போதவில்லை. அங்கேதான் நிழல்."

பங்குனி வெயில். மணி பன்னிரண்டரை. பள்ளிக்குப் பின்னால் நிழல் என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மற்ற எட்டுப் பேரையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் குடித்தார்கள். நான் வயிறு நிறைய ஊற்றினேன். இரண்டு கரண்டி கூடவே ஊற்றினேன்.

தலைகளை எண்ணிச் சொல்ல இன்று யாரும் வரவில்லை.

25-3-53

செல்லியின் அம்மா மாரம்மா பள்ளி விடும் நேரத்துக்கு வந்து வேலிக்கு அப்பால் நின்றாள். கைக்குழந்தை இடுப்பில். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"எங்க புள்ளைங்க நாளையிலேருந்து வராதுங்கம்மா."

"ஏன் மாரம்மா? பானை ஒன்றுதான். கஞ்சி ஒன்றுதான். குறைக்காமல்தான் ஊற்றுகிறேன்."

"ஊத்தறீங்க. செல்லி சொன்னா." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சத்தம் போடாமல்தான் சொன்னாள். "ஓட்டல்ல தனி. கெணத்துல தனி. கோயில்ல வாசலோட சரி. அதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறப்ப நான் செல்லிகிட்ட என்னா சொன்னேன் தெரியுங்களா? அங்க போனா எல்லாம் ஒண்ணா ஒக்காருவீங்கன்னு சொன்னேன். என்னெப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே டீச்சரம்மா."

அவளிடம் நான் கணக்குச் சொல்லத் தொடங்கினேன். அறுபத்திரண்டு பேர், இத்தனை மூட்டை, ராகி தீர்ந்துபோனது… பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் போய்விட்டாள்.

26-3-53

ஒன்பது பேரும் வரவில்லை.

28-3-53, சனி

தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன். ஒன்பது வீட்டு வாசலிலும் நின்றேன். கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்தான், இருந்தாலும் "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லத் தெரியவில்லை. யாரும் வாங்கவில்லை. யாரும் திட்டவும் இல்லை. ஒருத்தி உட்காரப் பாய் போட்டாள். பெரியவர்கள் ரோட்டு வேலைக்குப் போயிருந்தார்கள், ஜல்லி உடைக்க. செல்லியும் மற்ற பெரிய பிள்ளைகளும் அங்கேதானாம். திம்மராயன் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வகுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றான். பள்ளியில் சொல்வது போலவே, இழுத்து.

தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

6-4-53, திங்கள்

திம்மராயன் இறந்துவிட்டான். வயிற்றுப்போக்கு. ரோட்டோரத்தில் ஏதோ கிழங்கைத் தோண்டித் தின்றானாம். மூன்று நாள்.

7-4-53

நாராயணப்பன் பதிவேட்டில் அவன் பெயர்மேல் கோடு போடச் சொன்னார். பேனாவை எடுத்தேன். நீங்களே போடுங்கள் என்று கொடுத்துவிட்டேன்.

நான் ஊற்றிய கஞ்சியைக் குடித்திருந்தால் கிழங்கு தோண்டப் போயிருப்பானா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் — தெரிந்தால் ஒருவேளை அழ முடியும்.

11-4-53, சனி

கங்கப்பன் மண்டிக்குப் போனேன். இனி ஒரே வரிசைதான் என்றேன். திம்மராயனைப் பற்றிச் சொன்னேன்.

உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடப் பாவமே. எத்தன வயசு?" என்றார். பிறகு, "ஆனா அவங்களை வர வேணாம்னு நான் சொல்லலயே டீச்சரம்மா. அவங்களாத்தானே நின்னாங்க?"

"நான்தான் நிற்க வைத்தேன். அதனால்தான் வந்தேன்."

"அப்ப உங்க இஷ்டம். மிச்ச மூட்டைய வண்டிக்காரன் வந்து எடுத்துப்பான்." மோர் குடிக்கச் சொன்னார். குடிக்கவில்லை. அதற்கும் அவர் கோபப்படவில்லை.

12-4-53, ஞாயிறு

சேரிக்குப் போய் மாரம்மாவிடம் சொன்னேன். ஒரே வரிசை, நாளைக்கு மறுநாளிலிருந்து, அனுப்பு என்றேன். செல்லியின் தங்கைக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்: "ராகி இருக்குதுங்களா?"

சேகரிக்க வேண்டும் என்றேன்.

"செல்லி பெங்களூர் போயிட்டா. முந்தாநாள் மேஸ்திரியோட. ஒரு வூட்ல கொழந்த பாத்துக்க."

ஒன்பது வயது.

18-4-53, சனி

வண்டியோடு போனேன். அண்டாவில் ஒரு மணி ராகி விழவில்லை.

போன மாதங்களில் ஏதோ ஒரு சாக்காவது சொன்னார்கள். இன்று சாக்குக்கூட இல்லை. மளிகைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மண்டிக்காரரு குடுத்தத வேணாம்னு சொல்லிட்டு எங்ககிட்ட வந்தா நாங்க எப்பிடிம்மா குடுக்கறது? நாளைக்கி எனக்கு அவருதானே சரக்குப் போடணும்?"

கங்கப்பன் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

கடைசியில் பாயிடம் போனேன். உலை அணைந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, இனிமே இந்தக் கடைக்கு வராதீங்க." "இந்த எடம் மண்டிக்காரரோடது. காலி பண்ணச் சொன்னா அஞ்சு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? என்னெ மன்னிச்சிருங்க."

மன்னிக்க என்ன இருக்கிறது? அவர் செய்ததைத்தானே நானும் செய்தேன், அவருக்கு முன்னாலேயே.

22-4-53, புதன்

பழைய சாக்கில் மிஞ்சியிருந்ததைக் காய்ச்சி ஊற்றினேன். ஆளுக்கு அரைக் கரண்டி. சேரியிலிருந்து யாரும் வரவில்லை. வரிசை ஒன்றுதான், ஆனால் அதில் உட்கார வேண்டியவர்கள் இல்லை.

24-4-53

கஞ்சி நின்றது. இருபத்தாறு பேர் வந்தார்கள். பாடம் நடத்தினேன்.

15-6-53, திங்கள்

கோடை விடுமுறை முடிந்தது. சேலத்துக்குப் போகவில்லை. அண்ணன் இரண்டு கடிதம் போட்டான். போய் என்ன பேசுவது?

புதுத் திட்டமாம், இனிக் கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அரை நாள்தான் பாடம். மதியம் வீட்டுக்குப் போய்விடலாம். பகல் கஞ்சி என்ற பேச்சுக்கே இடம் இல்லை. நாராயணப்பனுக்கு நிம்மதி.

4-7-53

மழை. மூன்று நாளாக நிற்காமல். ஊரே ஏரோடு வயலில் நிற்கிறது. விதை ராகி கங்கப்பன் கொடுத்தாராம், எல்லார் வீட்டுக்கும். அவரைப் போல உண்டா என்கிறார்கள். மழையைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பள்ளிக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

15-8-53, சனி

கொடியேற்று விழா. பஞ்ச காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பசி தீர்த்த கங்கப்பனுக்கு மாலை போட்டார்கள். வாழ்த்து மடல் வாசித்தார்கள். அதை எழுதியது நான். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று நாராயணப்பன் கேட்டுக்கொண்டார். மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை? சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதவளுக்கு இப்போது மட்டும் எங்கிருந்து வரும்?

கங்கப்பன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

9-10-53

ராகி கதிர் வாங்கிவிட்டது. மாற்றல் கேட்டு எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசனை. கல்லாவிப் பக்கம் ஓர் இடம் காலியாம். எழுதி, மடித்து, பெட்டியில் வைத்தேன். அனுப்பவில்லை. ஓடிப் போவதற்கும் ஒரு தைரியம் வேண்டும் போல.

15-11-53, ஞாயிறு

அறுவடை தொடங்கிவிட்டது. காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மாரம்மா வந்தாள். இந்தத் தடவை வேலிக்கு அப்பால் நிற்கவில்லை; அறை வாசல்வரை வந்தாள். செல்லியின் தங்கை, ஐந்தாறு வயதுக்காரி, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு கார்டு.

"செல்லி போட்டிருக்கா. படிச்சுச் சொல்லுங்கம்மா. வேற யாருகிட்ட போறது?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அவள் எழுத்தேதான். சாய்ந்த எழுத்து. வாசித்தேன்.

"அம்மாவுக்குச் செல்லி எழுதுவது. நான் சுகம். குழந்தை என்னிடம்தான் தூங்கும். மூன்று வேளை சாப்பாடு போடுகிறார்கள். எனக்குத் தட்டு…"

நின்றுவிட்டேன். அடுத்த சொல் கண்ணுக்குத் தெரிந்தது, வாய் வரவில்லை. தாண்டிப் போய்விடலாம். அவளுக்குத் தெரியவா போகிறது?

"நிறுத்தாதீங்கம்மா" என்றாள் மாரம்மா. "என்னா எழுதியிருக்காளோ, அத அப்பிடியே படிங்க."

"எனக்குத் தட்டு தனி. டம்ளர் தனி. பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவேன். இங்கே மழை. தங்கச்சியை அடிக்காதே."

அவ்வளவுதான் கடிதம். மாரம்மா கார்டை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எட்டு மாதமாக எத்தனையோ சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். துவைத்த துணியைப் பிழியத் தொடங்கினேன்.

போகத் திரும்பியவள் நின்றாள்.

"இப்பவும் கஞ்சி ஊத்தறீங்களா பள்ளிக்கூடத்துல?"

"இல்லை மாரம்மா. சித்திரையிலேயே நின்றுவிட்டது. இப்போது ஒன்றும் கொடுப்பதில்லை."

சின்னவளை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்ப இவள நாளைக்கி அனுப்பறேன்" என்றாள்.